ஏன் வந்தீர்கள், எப்போது போவீர்கள்?

கொழும்புக்கு வந்து தங்கிய எங்கள் பெண்கள் எல்லோரிடமும் ஒரு காலத்தில் ஒரு தாள் இருந்தது. பொலிஸ் பதிவின் போட்டோப் பிரதி அது. நாலாக மடித்து, பொலித்தீன் உறைக்குள் போட்டு, அடையாள அட்டையோடு சேர்த்துக் கைப்பையில் வைத்திருப்பார்கள். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அது கூடவே போகும். வீட்டுக்காரர் யார், தங்குபவர் யார், சொந்த இடம் எது, ஏன் வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்றெல்லாம் பதியும்போது கேட்பார்கள். தன் சொந்த நாட்டின் தலைநகரத்துக்கு வந்த ஒரு பெண், தான் திரும்பிப் போகும் நாளையும் சொல்லிவிட்டுத்தான் அங்கே நித்திரை கொள்ள வேண்டியிருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அந்தத் தாள் நினைவிருக்கும். என் அம்மா அதை இன்னும் தூக்கிப் போடவில்லை. காணி உறுதியும் கிளினிக் கொப்பியும் இருக்கும் அதே பையில் வைத்திருக்கிறார். "இனித் தேவையில்லை அம்மா" என்றால், "கிடக்கட்டும், அது உன்னட்டச் சோறு கேக்குதே?" என்பார்.

யுத்த காலத்தில் வடக்குக் கிழக்கிலிருந்து யாரும் ஊர் பார்க்கக் கொழும்புக்கு வரவில்லை. மகரகம புற்றுநோய் வைத்தியசாலை இங்கே. தூதரகங்கள் இங்கே. கடவுச்சீட்டும் இங்கே. வெளிநாட்டிலுள்ள கணவன் கூப்பிடுவான் என்று காத்திருந்த பெண்களும், பிள்ளையை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்று நகையை விற்றுக்கொண்டு வந்த தாய்மாரும் இங்கேதான் வந்து நின்றார்கள். உறவினர் உள்ளவர்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் ஒரு மூலையில் பாய் விரித்தார்கள். இல்லாதவர்கள் லொட்ஜுக்குப் போனார்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் அப்படிப்பட்ட லொட்ஜுகள் நிறைய இருந்தன. ஓர் அறைக்குள் மூன்று கட்டில், எல்லோருக்கும் பொதுவான குளியலறை, நாட்கணக்கில் வாடகை. ஒரு கிழமைக்கென்று வந்தவர்கள் விசா இழுபட இழுபட மாதக்கணக்கில் நின்றதும் உண்டு.

பாதுகாப்பு என்றதும் எங்களுக்குப் பொலிஸும் இராணுவமும்தான் நினைவுக்கு வருகின்றன. தனியே நின்ற பெண்களுக்குப் பயம் வேறு பக்கங்களிலிருந்தும் வந்தது. காசை வாங்கிக்கொண்டு இன்று நாளை என்று அலைக்கழித்த ஏஜென்சிக்காரன், இரவில் ஏதோ சாட்டுச் சொல்லிக் கதவைத் தட்டியவன், சோதனை வரப்போகிறது என்று வெருட்டி மேலதிகமாகக் காசு பறித்தவன் என்று அந்த வரிசை நீளும். இவர்களைப் பற்றி எங்கே போய் முறையிடுவது? பொலிசுக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது அவளுடைய பதிவு. அடுத்தது, அவள் ஏன் இங்கே நிற்கிறாள் என்பது. அதுவும் சிங்களத்தில். ஒரு சமூகத்தையே சந்தேகத்தோடு பார்க்கும்போது அந்தச் சமூகத்தின் பெண்ணை ஏமாற்றுவதும் தொடுவதும் மற்றவர்களுக்கு எளிதாகிவிடுகிறது. சமூகவியல் வகுப்பில் இதற்குப் பெரிய சொற்கள் படித்தோம். லொட்ஜில் தங்கியிருந்த பெண்கள் எனக்கு இதைச் சின்னச் சொற்களிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

அடையாள அட்டையே ஆளைக் காட்டிக் கொடுத்தது. அந்த நாட்களில் வடக்குக் கிழக்கில் வழங்கப்பட்ட அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது. தெற்கில் சிங்களம் மட்டும். பிறந்த இடமும் அதில் எழுதியிருக்கும். அட்டையைக் கையில் வாங்கியவர் பெயரை வாசிக்கும் முன்பே எழுத்தைக் கண்டுகொள்வார். அதனால்தான் காலி வீதி 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறும்போது பொட்டை அழித்த பெண்கள் இருந்தார்கள். பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டால் வாயைப் பொத்தியவர்கள் இருந்தார்கள். 1983 யூலையைக் கண்டவர்களுக்கு இந்தப் பழக்கத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. அடுத்த வருடம் எனக்குப் பதினாறு வயது. அம்மாவின் இருதயப் பரிசோதனைக்காக நாங்கள் மூன்று பேர், அம்மா, சித்தி, நான், பாஸ் எடுத்துப் பலாலியிலிருந்து விமானத்தில் வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தோம். 2007 ஜூன் 7, வியாழக்கிழமை. இன்னும் விடியவில்லை. ஒழுங்கைக்குள் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அந்த ஒழுங்கைக்குள் பஸ் வருவதில்லை.

எங்கள் கதவையும் தட்டினார்கள். சித்தி மூன்று ஐ.சி.யையும் பதிவையும் கிளினிக் துண்டையும் நீட்டினார். துண்டில் அடுத்துப் போக வேண்டிய திகதி இருந்தது. வந்தவர் அதை இரண்டு தரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். முன் அறையில் இருந்த அக்காவிடம் அப்படியொரு துண்டு இல்லை. அவர் விசாவுக்காகக் காத்திருந்தவர். காத்திருப்பதற்கு யார் துண்டு எழுதிக் கொடுப்பார்கள்? அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. அகப்பட்டதை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். முதல் நாள் இரவு அவர் நனைத்து வைத்த உடுப்பு வாளியோடு குளியலறை வாசலில் கிடந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சித்திதான் அலசிக் காயப் போட்டார்.

அன்று கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். வவுனியாவுக்கும் கிழக்கிற்கும் கொண்டு போனார்கள். தகுந்த காரணமில்லாமல் தங்கியிருந்தவர்கள் என்பதே அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட குற்றம்.

ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தமிழர்களைக் கொழும்பிலிருந்து வெளியேற்றக் கூடாது, வந்து தங்குவதைத் தடுக்கவும் கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஜூன் 10 ஆம் திகதி அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஏற்றப்பட்டவர்களில் பலர் திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள். நாட்டின் எந்த இடத்திலும் நடமாடவும் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை சொல்கிறது. அது எழுதி வைத்த வெறும் வசனம் என்று நினைத்திருந்த எங்களுக்கு, ஒரே நாளில் அது வேலை செய்ததைக் கண்டது பெரிய விடயம். முன் அறை அக்கா மட்டும் திரும்பி வரவில்லை.

அம்மம்மா இந்தச் செய்தியைக் கேட்டுச் சொன்னது எனக்கு மறக்காது. "ஐம்பத்தெட்டிலயும் எண்பத்துமூண்டிலயும் கப்பல். இப்ப பஸ்." 1958 கலவரத்தின்போதும் 1983 இலும் கொழும்பில் அகதியான தமிழர்களைக் காங்கேசன்துறைக்குக் கப்பலில்தான் அனுப்பினார்கள். 83 இல் வந்த ஒரு கப்பலின் பெயர் லங்கா கல்யாணி. அந்த இரண்டு தடவையும் காடையரிடமிருந்து காப்பாற்றவென்று அனுப்பினார்கள். 2007 இல் கலைக்க ஒரு காடையரும் இருக்கவில்லை.

நீதிமன்ற உத்தரவோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அதே வருடம் நவம்பர் 28 ஆம் திகதி நுகேகொடையில் குண்டு வெடித்துப் பொதுமக்கள் பலர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தமிழர்கள் சுற்றிவளைப்புகளில் பிடிக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் காலியிலுள்ள பூசா முகாமுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பெரும்பாலானோர் விடுவிக்கப்பட்டார்கள் என்றாலும் அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. குண்டில் செத்த பெண்களின் வீடுகளிலும் அடுப்பு எரிந்திருக்காது. இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம். வாசகிகளில் சிலர் இதற்காக என்னோடு கோபிக்கலாம்.

தென்னாபிரிக்காவிலும் கறுப்பின மக்கள் நகரத்துக்குள் நடமாட 'பாஸ்' புத்தகம் வைத்திருக்க வேண்டியிருந்தது. அதைப் பெண்களுக்கும் கட்டாயமாக்க முயன்றபோது, 1956 ஓகஸ்ட் 9 ஆம் திகதி ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரச தலைமைக் கட்டடத்தின் முன் கூடி அரை மணி நேரம் ஒரு சொல்லும் பேசாமல் நின்றார்கள். இங்கே சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும் அதே 1956 இல்தான். பாஸ் சட்டம் அங்கே ஒழிய 1986 வரை சென்றது. ஆனாலும் ஓகஸ்ட் 9 இன்று அந்த நாட்டின் பெண்கள் தினம்.

இலங்கையில் யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில் காலாவதியானது. 2017 இலிருந்து வழங்கப்பட்ட புதிய அடையாள அட்டையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மூன்று மொழியும் இருக்கிறது. சாவடிகள் போய்விட்டன. பொட்டும் வந்துவிட்டது. இருந்தும் கொழும்புக்கு வரும் பெண்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு பெண்தான் சோதிக்கலாம், அதுவும் மரியாதையாக. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆகவே வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கக் கேளுங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இவற்றைத் தொலைபேசியில் பதிந்து வைத்தால் மட்டும் போதாது. தொலைபேசி பறிபோகலாம், மனதிலும் வைத்திருங்கள்.

இப்போது நான் இதை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கச்சியைச் சிகிச்சைக்காகக் கொழும்புக்குக் கூட்டி வர வேண்டியிருந்தது. 2009 இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று இன்னும் காலுக்குள் இருக்கிறது. இரண்டு கிழமைக்கு ஓர் அறை தேவை. எங்கள் ஆட்கள் நிறைந்த இடம், கஷ்டமிராது என்று நினைத்து வெள்ளவத்தையில் கேட்டேன். முதல் வீட்டில், "வன்னியோ? அப்ப இயக்கத்தில இருந்தவவோ?" என்றார்கள். இரண்டாவது வீட்டில் தனிப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை. மூன்றாவது வீட்டு அன்ரி நல்லவர், தேத்தண்ணீர் தந்தார். தந்துவிட்டு, "ஏன் பிள்ளை வாறா, எப்ப போவா? பிறகு ஏதும் பிரச்சினையெண்டால் ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். அந்தத் தாளில் இருந்த அதே கேள்விகள். கேட்டவர் தமிழ். 83 இல் வீடு எரிந்து, சிங்கள அயலவர் ஒருவர் ஒளித்து வைத்ததால் உயிர் தப்பியவர் என்று அவரே சற்று முன்தான் சொல்லியிருந்தார்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் வீட்டில் மேல்மாடி அறை கிடைத்தது. தங்கச்சியிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அவையள் எப்பிடி ஆக்கள் அக்கா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபின் முஸ்லிம் பெண்கள் பட்டதை நான் இந்தத் தெருக்களில் பார்த்தேன். அந்தக் குண்டில் எங்கள் ஆட்களும் செத்தார்கள், அது உண்மை. ஆனால் அதோடு சம்பந்தமில்லாத பெண்களுக்கு பஸ்ஸில் பக்கத்தில் இருக்க ஆளில்லாமல் போனது. கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மே 13 ஆம் திகதி வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் அவர்களுடைய கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பொட்டை அழித்த எங்களில் எத்தனை பேர் அந்தப் பெண்களின் பக்கத்தில் போய் இருந்தோம்? நானும் ஒரு நாள் ஒரு சீற் தள்ளித்தான் இருந்தேன்.

அறைக்காரி என்னை விடச் சில வயது மூத்தவர். திறப்பைத் தரும்போது எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "நீங்கள் யாழ்ப்பாணத்தில எந்த இடம்?" என்றார். அவர் பேச்சும் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தான். 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொல்லிப் புலிகள் கட்டளையிட்டபோது அவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. சோனக தெருவிலிருந்து புத்தளம், புத்தளத்திலிருந்து கொழும்பு. உம்மா தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தாராம். எனக்கு அந்த வாளி நினைவுக்கு வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

அவர் தங்கச்சியிடம் கேட்டது இரண்டே கேள்விகள். படி ஏற ஏலுமா, மாட்டிறைச்சி சமைத்தால் மணம் ஒத்துக்கொள்ளுமா என்று. படி ஏற ஏலும் என்றாள். மணத்துக்கு அறை யன்னலைப் பூட்டி வைப்பதென்று இருவருமாகப் பேசி முடித்தார்கள். வாடகையில் ஒரு சதமும் குறைக்கவில்லை, நான் எவ்வளவோ கேட்டும்.

போன மாதம் இரண்டாவது கிளினிக்குக்குத் தங்கச்சி தனியாகவே வந்தாள். வவுனியா தாண்டியதும் எனக்கு அழைத்து, புறக்கோட்டையில் வந்து நிற்க வேண்டாம், அறைக்காரியின் மகன் ஓட்டோ கொண்டு வருகிறான் என்று சொன்னாள்.