காய்ச்சலுக்கு மெடல் வேண்டாம்
ஓட்டச் சாலை – 14

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடிந்த பிறகும் குளிர் விட்டுப்போவதில்லை. ஓட்டக்காரர்களுக்கு இதைவிடத் தோதான வானிலை கிடையாது. சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்தவர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என எல்லோரும் மார்பில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு 5 கிலோமீட்டரும் 10 கிலோமீட்டரும் ஓடும் காலம் இது. 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் 2008 முதல் நடக்கும் உலக 10கே ஓட்டத்துக்கு இப்போதே பயிற்சியைத் தொடங்குபவர்களும் உண்டு.

சளிக்கும் காய்ச்சலுக்கும் இதே காலம்தான்.

பணம் கட்டியாயிற்று, டீ-ஷர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. முந்தைய நாள் மாலையில் தொண்டை கரகரக்கிறது, இரவில் உடம்பு கணகணக்கிறது. வேர்க்க ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உடன் ஓடுபவர்கள் தைரியம் சொல்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை?

வெறும் மூக்குச் சளியைப் பொறுத்தவரை, ஓடினால் கெடுதல் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வைட்னர் 1990களில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார். இளைஞர்களின் மூக்கில் சளி வைரஸைச் செலுத்தி, ஒரு பகுதியினரை மிதமான உடற்பயிற்சி செய்யவைத்தார். மற்றவர்களைச் சும்மா இருக்கச் சொன்னார். இரு தரப்புக்கும் சளியின் கடுமையிலோ அது நீடித்த நாள்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உடற்பயிற்சியால் சளி முற்றவில்லை, சீக்கிரம் தீரவும் இல்லை. அந்தச் சோதனையில் இருந்தது மிதமான பயிற்சி மட்டுமே. உயிரைக் கொடுத்து ஓடும் 10 கிலோமீட்டருக்கு அந்த முடிவை நீட்டிக்க முடியாது.

விளையாட்டு மருத்துவர் ராண்டி ஐக்னர் 1993-இல் ஓட்டக்காரர்களுக்கு எளிய விதி ஒன்றைச் சொன்னார். மூக்கடைப்பு, தும்மல், லேசான தொண்டை கரகரப்பு என உபாதை கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால், பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். உடம்பு இலகுவானால் தொடரலாம். தலை கனத்தால் வீடு திரும்ப வேண்டும். நெஞ்சுச்சளி, உடம்புவலி, குளிர்நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஓடக் கூடாது. காய்ச்சல் இருந்தால் அறவே கூடாது.

காய்ச்சலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு? உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 கூடுகிறது. நல்ல ஆரோக்கியத்தோடு 10 கிலோமீட்டர் முழுமூச்சாக ஓடுபவருக்கே உடல் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டக்கூடும். 38-இல் தொடங்குபவருக்கு ஏறுவதற்கு மிச்சம் எங்கே இருக்கிறது? இதைவிடப் பெரிய பயம் இதயத் தசை அழற்சி. சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்குபவை. அந்த நேரத்தில் இதயத்தைக் கடுமையாக வேலை வாங்கினால் அதன் துடிப்பே தாறுமாறாகிவிடலாம்.

ஸ்வீடன் இதற்குக் கொடுத்த விலை பெரிது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு காடுகளுக்குள் ஓடும் ஓரியன்டீரிங் அங்கே மிகப் பிரபலம். 1979-க்கும் 1992-க்கும் இடையில் அந்த விளையாட்டைச் சேர்ந்த 16 இளம் வீரர்கள் திடீரென இதயம் நின்று இறந்தார்கள். பலருடைய இதயத்தில் அழற்சியின் தடயம் இருந்தது. 1992 இறுதியில் அந்த விளையாட்டின் கூட்டமைப்பு ஆறு மாதத்துக்குப் போட்டிகளை நிறுத்திவைத்தது. நோய்த்தொற்று இருக்கும்போது பயிற்சியோ போட்டியோ கூடாது என்ற அறிவுரை அத்தனை கிளப்புகளுக்கும் போனது. எந்தக் கிருமி காரணம் என்ற விவாதம் நீண்டுகொண்டே போனாலும், அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் அந்த மரண வரிசை நின்றுபோனது.

நம் மனதில் நிற்பவை வேறு கதைகள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கென்யாவின் கிப் கெய்னோ பித்தப்பை வலியோடு 10,000 மீட்டரில் சுருண்டு விழுந்தார். ஓட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் 1,500 மீட்டரில் தங்கம் வென்றார். 2024 பாரிஸில் கோவிட் தொற்றோடு 200 மீட்டர் ஓடிய நோவா லைல்ஸ் 19.70 விநாடியில் வெண்கலம் பெற்றார். ஓடி முடித்ததும் சக்கர நாற்காலியில்தான் வெளியேறினார். தொடர் ஓட்டத்திலிருந்து விலகிக்கொண்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது 20 விநாடி ஓட்டம், அருகிலேயே மருத்துவக் குழு. ஓசூர் சாலையில் 10 கிலோமீட்டர் ஓடும் ஒரு தொழிலாளிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். அதற்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ஆகாது. ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஓட வந்தால் வெப்பமானியில் அளவு இறங்கியிருக்கும், நோய் அப்படியே இருக்கும். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாள்களில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகக்கூடும் என்பதால், சூடு விட்டுவிட்டது என்று ஷூவை மாட்டுவது பெரிய ஆபத்து. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே ஓடலாம். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றால், மாத்திரை இல்லாமலேயே ஒரு முழு நாள் காய்ச்சலின்றி இருந்த பிறகு நடையில் தொடங்கி, அடுத்தடுத்த நாள்களில் மெல்லோட்டத்துக்கு வரலாம். படுக்கையை விட்டு எழும் முன் நாடியைப் பார்க்கும் பழக்கம் இதற்கு உதவும். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்றைக்கும் ஓய்வுதான்.

ஓட்டம் நடத்துபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நியூயார்க் மாரத்தானில் இடம் பெற்றவர் போட்டிக்கு முன்பே விலகிக்கொண்டால், மீண்டும் கட்டணம் செலுத்தி அடுத்த ஆண்டு ஓடும் இடத்தை உறுதிசெய்துகொள்ளலாம். நம் ஊர் மினி மாரத்தான்களும் காய்ச்சல் கண்டவரின் பதிவை அடுத்த முறைக்கு மாற்றிக்கொடுக்க முடியும். கட்டிய பணம் வீணாகாது என்று தெரிந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை போர்த்திக்கொண்டு தூங்க அவருக்குத் தயக்கம் இருக்காது.

ஓட்டத்துக்கு முன் வரும் காய்ச்சலைப் போலவே, ஓடி முடித்த பின் வரும் காய்ச்சலும் உண்டு. 1987 லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானை ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த ஒரே வாரத்தில் நோய்வாய்ப்பட்டார்கள். அதே அளவு பயிற்சி இருந்தும் அன்று ஓடாதவர்களில் 2.2 சதவீதம் பேர் மட்டுமே. இந்த வித்தியாசம் எதனால் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)