கீழ்நோக்கி முளைக்கும் விதை

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ-32 வீதியில், விடத்தல்தீவுக்கு முன்பாக வரும் சிற்றூர் பாப்பாமோட்டை. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு இந்த வீதியில் பயணிகள் கூடிவிட்டார்கள். திருக்கேதீச்சரம், மன்னார்க் கோட்டை, பள்ளிமுனையின் பெருக்கு மரம் என்று பார்த்துவிட்டு, வழிக்கடையில் கொத்துரொட்டியோ சோறோ சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பனையும் கடலும் சேர்ந்து சமைத்த ஒடியற்கூழ் எந்தப் பயணத் திட்டத்திலும் இருப்பதில்லை. அதைக் குடித்துப் பார்க்க விரும்புகிறவர் முதலில் ஒடியல் என்னும் காய்ந்த பனங்கிழங்கு எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சமையலில் பாதி அடுப்பு ஏற்றுவதற்கு முன்பே மண்ணுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

பெரும்பாலான விதைகள் முளைத்ததும் வெளிச்சம் தேடி மேலே வரும். பனங்கொட்டையின் முளையோ குழாய்போல நீண்டு நேராகக் கீழே இறங்கும். இளங்குருத்து அந்தக் குழாயின் நுனிக்குள் பத்திரமாக இருக்கும். கோடை வறட்சியும் காட்டுத் தீயும் மேயும் கால்நடையும் எட்டாத ஆழத்தில் வாழ்க்கையைத் தொடங்குவது பனையின் தற்காப்பு.

அதற்கான உணவு கொட்டைக்குள்ளேயே இருக்கிறது. இளங்காயில் நுங்காக இருந்தது, பழம் முற்றும்போது கல்லாக இறுகிவிடும். சர்க்கரைத் தொடர்கள் கலச்சுவர்களில் அடைந்து கிடப்பதுதான் அந்தக் கடினத்துக்குக் காரணம். முளைக்கும் வேளையில் கொட்டைக்குள் பஞ்சுபோன்ற ஓர் உறிஞ்சுறுப்பு வளர்ந்து, இந்தக் கல்லைக் கரைத்துச் சர்க்கரையாக்கிக் கீழே அனுப்புகிறது. பிள்ளைகள் கொட்டையை வெட்டித் தின்னும் இனிப்பான பூரான் இந்த உறுப்புத்தான். கீழே போன சர்க்கரை, குருத்தைச் சுற்றியுள்ள முதல் இலையின் உறையில் மாப்பொருளாகப் படிகிறது. அந்த உறை பருத்து நீண்டதே பனங்கிழங்கு. பெயர் கிழங்கு என்றாலும், தாவரவியல் கணக்கில் அது வேரன்று, இலையின் பகுதி.

இந்த இயல்பைப் பயன்படுத்தப் பிறந்ததே பாத்தி போடும் முறை. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். களியைப் பிழிந்து, காயவைத்துப் பனாட்டாக்க எடுத்துக்கொண்டு, எஞ்சிய கொட்டைகளைச் சேர்த்து வைப்பார்கள். நன்கு கொத்திப் பொலபொலவென்று உயர்த்திய மண்மேட்டின் மீது கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மெல்லிதாக மண் தூவுவார்கள். மேடு உயரமாக இருந்தால் முளை தடையின்றி இறங்கும், கிழங்கு நேராக நீளும், பிடுங்கும்போது முறியாது. மன்னார்க் கரையின் மணலுக்கு இது மிகவும் பொருத்தம். நீர் இறைக்கும் வேலையும் இல்லை, ஐப்பசி கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும்.

மார்கழி முடிவிலும் தையிலும் பாத்தி கிண்டுவார்கள். காலம் தவறக்கூடாது. குருத்து மேலேறி இலை விரிக்கத் தொடங்கினால், சேர்ந்த மாவை அதற்குச் செலவிட்டுவிடும், கிழங்கில் நார்தான் மிஞ்சும்.

கடலுக்கு அக்கரையில், தமிழ்நாட்டின் இராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும், பொங்கலுக்குக் கிழங்கை அவித்துத் தின்பார்கள். இக்கரையில் அவித்துத் தின்றது போக மிஞ்சியதைச் சேமிக்க இரண்டு வழிகள் கண்டார்கள். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அப்படியே கடித்துத் தின்னலாம். பச்சையாகத் தோலுரித்து நீளவாக்கில் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். இதை இடித்து மாவாக்கினால் பிட்டுக்கும் கூழுக்கும் ஆகும். மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாசி, பங்குனியில் இது காய்கிறது. ஈரம் போய்விட்டால் பூஞ்சைக்கு இடமில்லை. அடுத்த மாரி வரை பயமின்றி வைத்திருக்கலாம். கடலுக்குப் போகமுடியாத நாளிலும் நெல் தீர்ந்த நாளிலும் அடுப்பெரிய வைத்தது இந்தச் சேமிப்பு.

ஒடியல் மாவுக்கு இயல்பாக ஒரு கசப்பு உண்டு. அதனால் முதலில் நீரில் ஊறவைத்து, மா அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்துவிடுவார்கள். இந்த வேலையைச் சுருக்கக்கூடாது. பானையில் நீர் கொதித்ததும் ஒரு பிடி சிவப்பரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய் என்று வேக நேரமெடுப்பவை முதலில் போகும். பிறகு மீன், நண்டு, இறால், கணவாய். மீன் ஒரே வகையாக இராமல் பலவகையாக இருந்தால் சுவை கூடும். அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேர்ந்து, எல்லாம் வெந்த பின்பே கரைத்த மா இறங்கும். சூடான நீரை உறிஞ்சி மாப்பொருள் மணிகள் உப்பிக் குழம்பைத் தடிப்பாக்கும். முன்னதாகச் சேர்த்தால் அடிப்பிடிக்கும், மற்றவை வேகாது. கடைசியில் முருங்கையிலை.

குடிக்கும் முறையும் சமையலின் தொடர்ச்சிதான். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றி, சுடச்சுட, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். ஓலை கையைச் சுடவிடாது, குடித்து முடித்ததும் மண்ணுக்கே போய்விடும். டொரொண்டோவிலும் லண்டனிலும் புலம்பெயர்ந்தவர்கள் பொதியில் வரும் ஒடியல் மாவைக் கொண்டு கூழ் காய்ச்சுகிறார்கள். அங்கே பிளாவின் இடத்தைக் காகிதக் கோப்பை பிடித்திருக்கிறது.

இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு எல்லாம் இன்று பொதிகளில் கடைக்கு வருகின்றன. ஆனால் பாத்தி போடவும் கிழங்கு கிழிக்கவும் ஆள் வேண்டும், அந்த உழைப்புக்கு வாங்குகிறவர் வேண்டும்.

பாப்பாமோட்டைப் பக்கம் வருவதானால் தை முதல் பங்குனிக்குள் வாருங்கள். வீதியோரம் கிழங்கோ ஒடியலோ கண்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள். கூழ் வேண்டுமானால் காய்ச்சுகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள், நாலைந்து பேராகப் போங்கள். ஒருவருக்கென்று கூழ் காய்ச்சும் வழக்கம் இங்கே இல்லை.