'பர்ஸன்' என்பவர் யார்?

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவனுக்கு முதல் ஆண்டிலேயே அறிமுகமாகும் சொற்களில் 'பர்ஸன்' என்பது ஒன்று. ஆள், மனிதர், நபர் என்று நாம் அதற்குப் பொருள் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். இலக்கண ஆசிரியர் அச்சொல்லையே தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்று இடங்களுக்கும் வழங்குகிறார். 'இன் பர்ஸன்' என்றால் நேரில் என்று அர்த்தம். போலீஸார் ஒருவருடைய 'பர்ஸனை'ச் சோதித்தார்கள் என்றால், அவருடைய உடம்பையும் உடுப்பையும் சோதித்தார்கள் என்று கொள்ள வேண்டும். லத்தீன் பாஷையில் இதன் மூலச்சொல் நாடகக்காரன் அணியும் முகமூடியைக் குறித்தது. இவையெல்லாம் அகராதியைப் புரட்டினால் அகப்படும். இவற்றால் எவருக்கும் நஷ்டமில்லை. இச்சொல் சட்டப் புஸ்தகத்தில் புகுந்த பின் செய்த வேலையே நாம் இங்கே கவனிக்கத் தக்கது. அங்கே அந்த முகமூடி கிடைத்தவர் மட்டுமே மேடையேறலாம்.

1896-ம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஸாலமன் என்ற தோல் வியாபாரியின் வழக்கில் ஒரு தீர்ப்பளித்தது. கம்பெனி என்பது அதை ஏற்படுத்தியவரினின்றும் வேறான தனி 'பர்ஸன்' என்பது அதன் முடிவு. இரத்தமும் சதையும் இல்லாத கம்பெனிக்கு இவ்வாறு அந்தஸ்துக் கிடைத்துப் பதினாறு வருஷம் சென்றபின், ஆக்ஸ்போர்டில் கற்றுத் தேறிய பெப் என்ற மாது ஸொலிஸிடர் பரீக்ஷைக்கு இடம் கேட்டார். 1843-ம் வருஷத்துச் சட்டத்தில் 'பர்ஸன்' என்றே இருந்தது. ஆண்பாற் சொற்கள் பெண்பாலையும் அடக்கும் என்றும் அதிலேயே கண்டிருந்தது. ஆயினும் அப்பீல் கோர்ட்டார் அவருக்கு இடமில்லை என்றனர். அதுவரையில் ஸ்திரீகள் அத்தொழிலைச் செய்ததில்லை என்பதே காரணம்! செய்ய விடாததைச் செய்யாததற்குக் காட்டும் நியாயம் எத்தகையது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

நமது தேசமும் இதில் பின்வாங்கவில்லை. எம்.ஏ., பி.எல். பட்டங்கள் பெற்ற ரெஜினா குஹா 1916-ல் பிளீடராகப் பதிவுசெய்துகொள்ள விண்ணப்பித்தபோது, கல்கத்தா ஹைகோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கூடி மறுத்தனர். 1921-ல் அலகாபாத் ஹைகோர்ட்டு கார்னீலியா ஸொராப்ஜியை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில், அதே கங்கைக் கரையில் சற்றுக் கிழக்கேயுள்ள பாட்னாவில், சுதான்சுபாலா ஹாஜ்ரா தள்ளப்பட்டார். ஒரே சட்டம், ஒரே சொல், ஒரே நதி! 1923-ல் தனிச்சட்டம் இயற்றிய பிறகே இத்தடை நீங்கிற்று.

கானடாவில் நடந்த வழக்கு இவை எல்லாவற்றிலும் பிரசித்தி பெற்றது. 1916-ல் ஆல்பர்ட்டா மாகாணத்து எட்மண்டன் நகரில் எமிலி மர்பி என்னும் மாது மாஜிஸ்டிரேட்டாக அமர்ந்தார். முதல் நாளன்றே ஒரு வக்கீல் எழுந்து, இவர் 'பர்ஸன்' அல்லர், ஆகையால் இவருடைய தீர்ப்புச் செல்லாது என்று ஆக்ஷேபித்தார். (அவரும் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.) மர்பி அதை மறக்கவில்லை. செனட் சபைக்குத் தகுதியுள்ள 'பர்ஸன்'களை அழைக்கலாம் என்ற 1867-ம் வருஷத்து அரசியல் சட்டத்தின் ஷரத்து ஸ்திரீகளையும் அடக்குமா என்று 1927-ல் அவரும் ஆல்பர்ட்டாவின் வேறு நான்கு மாதர்களும் கேட்டனர். 1867-ல் அச்சொல்லுக்கு என்ன கருத்து இருந்ததோ அதுவே இன்றும் என்று கூறி, கானடா சுப்ரீம் கோர்ட்டு 1928-ல் இல்லையென்றது. 1929 அக்டோபர் 18-ம் தேதி பிரிவி கௌன்ஸிலில் ஸாங்கி பிரபு அத்தீர்ப்பை மாற்றினார். ஸ்திரீகளை ஏன் அடக்க வேண்டும் என்று கேட்பவருக்கு, ஏன் அடக்கக்கூடாது என்று கேட்பதே போதிய விடை என்பது அவர் கருத்து. அரசியல் சட்டம் வளரும் மரம் போன்றது என்றும் சொன்னார். அடுத்த ஆண்டில் ஒரு மாது செனட்டில் அமர்ந்தார். அவர் மர்பி அல்லர். மர்பி அந்தப் பதவியைக் காணாமலே 1933-ல் காலமானார்.

அந்த ஆல்பர்ட்டாவின் பெயர் நம் நாட்டுச் சரித்திரத்திலும் ஒரு முறை வருகிறது. பழைய தஞ்சை ஜில்லாவிலுள்ள பத்தூரில், பாழடைந்த சிவாலயத்தின் அருகே 1976-ல் நடராஜ விக்கிரகம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அது கைமாறி லண்டன் சென்று, 1982-ல் ஆல்பர்ட்டாவின் ஒரு கம்பெனியால் வாங்கப்பட்டு, பிறகு லண்டன் போலீஸார் வசமாயிற்று. தொடர்ந்த வழக்கில் ஒரு பக்கம் கம்பெனி என்னும் பர்ஸன். எதிர்ப் பக்கத்தில் கோயிலே ஒரு கக்ஷிக்காரர்! ஹிந்து தெய்வம் சட்டப்படி ஒரு பர்ஸன் என்பதைப் பிரிவி கௌன்ஸில் 1925-லேயே அங்கீகரித்திருந்தது. ஆங்கிலச் சட்டம் கோயிலை அவ்வாறு கருதாவிடினும், இந்தியச் சட்டம் கருதுவதால் அதை மதிக்க வேண்டும் என்று 1991-ல் அப்பீல் கோர்ட்டு தீர்த்தது. நடராஜர் திரும்பி வந்தார். கோயிலுக்காக வழக்காடியவருக்கு ஆங்கிலத்தில் 'பிட் பர்ஸன்' என்று பெயர். நமது அறநிலையச் சட்டம் அதைத் 'தக்கார்' என்று அழகாகச் சொல்லுகிறது.

கங்கையும் யமுனையும் பர்ஸன்களே என்று 2017 மார்ச்சில் உத்தராகண்ட் ஹைகோர்ட்டு கூறிற்று. வெள்ளம் வந்தால் நஷ்ட ஈடு தருவது யார் என்று அந்த மாகாண சர்க்கார் அஞ்சி அப்பீல் செய்தது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

நமது அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இவ்விஷயத்தில் கவனமாகவே இருந்தனர். பேச்சுரிமை தரும் 19-வது ஷரத்தில் 'ஸிட்டிஸன்', அதாவது பிரஜை, என்று எழுதினர். உயிரையும் சுதந்தரத்தையும் காக்கும் 21-வது ஷரத்தில் 'பர்ஸன்' என்று எழுதினர். கம்பெனி பிரஜையல்ல என்று 1963-ல் தீர்ப்பாயிற்று. அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாயிருந்த சக்மா மக்களைச் சிலர் பலாத்காரமாக விரட்ட முற்பட்டனர். அவர்களிற் பலருக்குப் பிரஜையென்று காட்டப் பத்திரமில்லை. சுப்ரீம் கோர்ட்டு 21-வது ஷரத்தை எடுத்துப் படித்தது, 'பர்ஸன்' என்றிருந்தது. அவர்களைக் காப்பது மாகாண சர்க்காரின் கடமை என்று 1996-ல் உத்தரவு பிறந்தது.