இரண்டு நிமிஷமும் நான்கு விநாடியும்

1938ஆம் வருஷம் ஜூன் மாதம் 22ந் தேதி இரவு நியூயார்க் நகரத்தின் யாங்கி மைதானத்தில் 70,000க்கு மேற்பட்ட ஜனங்கள் கூடியிருந்தார்கள். மணி அடித்து இரண்டு நிமிஷமும் நான்கு விநாடியும் கழிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அலபாமா மாகாணத்து வாரக்குடியானவர் ஒருவரின் மகனான ஜோ லூயிஸ், ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கை மூன்று தடவை தரையில் வீழ்த்தினார். ஷ்மெலிங்கின் ஆட்கள் தோல்விக்கு அடையாளமாகக் கோதாவுக்குள் எறிந்த துண்டை மத்தியஸ்தர் எடுத்து வெளியே வீசினார். பிறகு தாமே சண்டையை நிறுத்தினார். முதுகெலும்பில் முறிவுடன் ஷ்மெலிங் ஆஸ்பத்திரிக்குச் சென்றார்.

உலக ஹெவிவெயிட் சாம்பியன் பட்டத்துக்காக நடந்த குத்துச் சண்டைகளில் இதைப்போல் ஒரு ஜாதி வாதத்தைத் தோளில் சுமந்து வந்தது வேறில்லை எனலாம். இரண்டு வருஷங்களுக்கு முன், 1936 ஜூன் 19ந் தேதி, அதே மைதானத்தில் ஷ்மெலிங் அதே லூயிஸை 12வது சுற்றில் வீழ்த்தியிருந்தார். அது கேட்டு ஜெர்மானிய நாஜிகள் அடைந்த குதூகலம் கொஞ்சமன்று. ஹிட்லர் ஷ்மெலிங்கை அழைத்து உபசரித்தார். அந்தச் சண்டையின் திரைப்படம் ஜெர்மானிய வெற்றி என்ற பெயரோடு நாடெங்கும் காட்டப்பட்டது. ஆரிய ரத்தம் கறுப்பு ரத்தத்தை வென்றது என்பதே அவர்களுடைய வியாக்கியானம். அப்படியாயின் 1938இல் அந்த ரத்தம் எங்கே போயிற்று என்று நாம் கேட்கலாம். ஆனால் இந்தக் கேள்வியோடு திருப்தியடைவது தவறு. லூயிஸ் வென்றபோது அமெரிக்கப் பத்திரிகைகள் பல அவரைக் காட்டு மிருகத்துக்கு ஒப்பிட்டன. இயற்கையாகவே கொலைத் தொழிலுக்குப் பிறந்தவர் என்று வர்ணித்தன. நாஜியின் வசவும் அமெரிக்கரின் புகழ்ச்சியும் இவ்விஷயத்தில் ஒரே தாயின் பிள்ளைகள். இரண்டும் அந்த மனிதர் பட்ட பாட்டை அவர் கணக்கிலிருந்து கழித்துவிடுகின்றன.

உண்மையில் நடந்தது யாது? முதற் சண்டையின்போது லூயிஸுக்கு வயது 22. தொழிற் சண்டையில் தோல்வியே கண்டறியாதவர். ஷ்மெலிங்குக்கு 30, 1930இல் பெற்ற பட்டத்தை 1932இல் இழந்தவர், ஓய்வெடுக்க வேண்டியவர் என்று பலராலும் கருதப்பட்டவர். ஆனால் அவர் 1935 டிசம்பரில் லூயிஸ் சண்டையிடுவதை நேரில் வந்து பார்த்தார். திரைப்படங்களையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இடது கையால் குத்தியபின் லூயிஸ் அக்கையைச் சற்றுத் தாழ விடுகிறார் என்பதைக் கண்டுகொண்டார். அந்தக் கணநேர இடைவெளிக்குள் தம் வலது கையைச் செலுத்துவதையே மாதக் கணக்கில் பழகினார். லூயிஸோ அப்போதுதான் கோல்ப் விளையாட்டில் மோகங் கொண்டு, பயிற்சி நேரத்தை அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே 1936இல் வென்றது ரத்தமன்று, கண்ணும் உழைப்பும்.

தோற்றவர் அதைப் புரிந்துகொண்டதுதான் 1938இன் ரகசியம். லூயிஸுக்கு ஆசான் ஜாக் பிளாக்பர்ன் என்னும் கறுப்பர். அவரும் ஒரு காலத்தில் சிறந்த வீரர். கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்று மீண்டவர். கறுப்பு இளைஞன் ஒருவனுக்கு ஹெவிவெயிட் பட்டம் கிட்டவே விடமாட்டார்கள் என்று சொல்லி, முதலில் லூயிஸை ஏற்கவே தயங்கியவர். ஏற்ற பிறகு கால் வைக்கும் விதத்திலிருந்து சிட்சையைத் தொடங்கினார். சமநிலை தவறாமல் நின்று, குறுகிய தூரத்திலிருந்து அடுத்தடுத்துக் குத்தும் அந்த முறையைப் பிறவிக் குணமென்று சொல்வது ஆசானுக்குச் செய்யும் துரோகம்.

பயிற்சி மட்டும் போதுமா என்றால் போதாது; கோதாவுக்குள் நுழைய இடம் வேண்டும். 1915இல் ஜாக் ஜான்சன் தோற்றது முதல் 1937 வரை 22 வருஷங்கள் எந்தக் கறுப்பருக்கும் இந்தப் பட்டத்துக்குச் சண்டையிடச் சந்தர்ப்பம் அளிக்கப்படவில்லை. ஹாரி வில்ஸ் என்பவர் வருஷக் கணக்கில் காத்திருந்தார். சாம்பியன் டெம்ப்ஸியோடு அவருக்குச் சண்டை நடக்கவே இல்லை. லூயிஸுக்குக் கதவு திறந்ததும் தர்மத்தினால் அன்று, பணத்தினால். அப்போதைய சாம்பியன் பிராடக் முதலில் ஷ்மெலிங்கோடு மோதுவதாகவே ஒப்பந்தம் செய்திருந்தார். லூயிஸின் சண்டைகளை நடத்தியவருக்கு வரும் ஆதாயத்தில் பத்து வருஷங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று பேசியபின் பிராடக் தரப்பு மனம் மாறியது. மாடிஸன் ஸ்கொயர் கார்டன் கம்பெனி இன்ஜங்ஷன் கோரி வழக்குத் தொடுத்தது, கோர்ட்டு மறுத்தது, அப்பீலிலும் அதுவே நிலைத்தது. அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை அளவுக்கு மீறியது என்பது நீதிபதிகளின் கருத்து. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் முறைப்படி தமக்கு வரவேண்டிய சந்தர்ப்பத்தை ஷ்மெலிங் இழந்தார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1937 ஜூன் 22ந் தேதி சிகாகோவில் பிராடக்கை 8வது சுற்றில் வீழ்த்தி லூயிஸ் பட்டம் பெற்றார். ஷ்மெலிங்கை வெல்லும் வரையில் தம்மைச் சாம்பியன் என்று கருதவில்லை என்பதும் அவர் சொன்னதே.

குத்துச் சண்டைக்கென்று ஓர் இனம் பிறந்திருப்பின், அமெரிக்காவில் அந்த இனம் தலைமுறைதோறும் மாறுவானேன்? முதலில் ஐரிஷ்காரர் முன்னின்றனர், பிறகு பென்னி லெனார்டு, பார்னி ராஸ் போன்ற யூதர்கள், பின் இத்தாலியர், பின் கறுப்பர். நகரத்துச் சேரியில் யார் கடைசியாக வந்து குடியேறினார்களோ, வேறு வேலைக் கதவுகள் யாருக்கு அடைக்கப்பட்டனவோ, அவர்கள் பிள்ளைகளே கோதாவில் நின்றார்கள். நிலை உயர்ந்ததும் அவர்களே விலகினார்கள். லூயிஸும் 1926இல் குடும்பத்தோடு டெட்ராயிட் வந்து, போர்டு மோட்டார் ஆலையில் கூலி செய்தவர். வயலின் கற்கத் தாயார் கொடுத்த காசைக் குத்துச் சண்டைக் கூடத்துக்குக் கட்டியவர். நமக்கு இந்த ரத்தக் கணக்குப் புதிதன்று. யுத்த ஜாதி, யுத்தமறியா ஜாதி என்று பிரிட்டிஷ் சேனாதிபதிகள் இந்திய ஜனங்களைப் பங்கிட்டு, சென்னைச் சிப்பாயைக் கீழ்வரிசையில் வைத்தபோதும் இதே தராசைத்தான் தூக்கினார்கள்.

இனி நடத்தையைப் பற்றி. ஜான்சன் 1910 ஜூலை 4ந் தேதி ரீனோ நகரில் ஜெப்ரீஸை வென்றதும், பல நகரங்களில் கறுப்பர் தாக்கப்பட்டனர். சண்டைப் படங்களை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டுபோகக் கூடாதென்று 1912இல் சட்டமே வந்தது. ஜான்சன் எதிரியைப் பார்த்துச் சிரிப்பார். விலையுயர்ந்த மோட்டார் ஓட்டுவார். வெள்ளைப் பெண்களை மணந்தார். இதற்கெல்லாம் தண்டனையாகவே 1913இல் முழுதும் வெள்ளையரான ஜூரி, மான் சட்டத்தின் கீழ் அவரைக் குற்றவாளியாக்கியது. ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறை. அதற்கு மன்னிப்பு வர 2018 ஆயிற்று.

ஆகையால் லூயிஸின் நிர்வாகி ராக்ஸ்பரோ அவருக்குச் சில கட்டளைகள் விதித்தார்: வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளாதே, விழுந்தவனைப் பார்த்து மகிழாதே, இரவு விடுதிக்குத் தனியே போகாதே. லூயிஸ் பகிரங்கத்தில் இவற்றைக் காத்தார். எதிரி விழுந்ததும் முகத்தில் சலனமின்றி மூலைக்குப் போய் நிற்பார். அமெரிக்கா இதைக் கண்ணியம் என்று கொண்டாடியது. அவர் அடக்கமுள்ளவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விதியாக வற்புறுத்தப்பட்ட அடக்கம் கண்ணியத்தைவிட நன்னடத்தை ஜாமீனுக்கே அதிகம் நெருங்கியது. வெள்ளை வீரர் எவரிடமும் அப்படி ஒரு ஜாமீன் கேட்கப்படவில்லை.

ஷ்மெலிங்கின் நடத்தை வேறு விதமாகப் பரிசோதிக்கப்பட்டது. அவர் ஹிட்லரின் விருந்தாளி. அவருடைய புகழை நாஜிகள் பயன்படுத்த இடங்கொடுத்தவர். அவரைப் புகழ்வோர் இதை மறைக்கலாகாது. எனினும் அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. தம் நிர்வாகியான ஜோ ஜேக்கப்ஸ் என்னும் யூதரை விலக்கச் சொன்னபோது மறுத்தார். 1938 நவம்பரில் யூதர் கடைகளும் கோவில்களும் கொளுத்தப்பட்ட இரவுகளில், யூத நண்பர் ஒருவரின் இரு புதல்வர்களைத் தம் அறையில் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். இதை அவர் பல்லாண்டுகள் வெளியே சொல்லவில்லை. கோதாவில் இரண்டு நிமிஷம் நின்றதைவிட இது பெரிது என்பது நம் அபிப்பிராயம்.

லூயிஸ் 25 முறை பட்டத்தைக் காத்து, 1949 வரை சாம்பியனாக இருந்தார். 1942இல் இரண்டு சண்டைகளின் ஊதியத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்துவிட்டுப் படையிலும் சேர்ந்தார். கொடுத்த அந்தப் பணத்தையும் வருமானமாகக் கணக்கிட்டு வரி கேட்டது அமெரிக்க சர்க்கார். கடனுக்காக மறுபடி கோதாவேறி, 1951இல் மார்ஸியானோவிடம் வீழ்ந்தார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் வருவோருக்குக் கைகொடுத்து வரவேற்பது அவருக்குத் தொழிலாயிற்று. யுத்தத்துக்குப் பின் கோகோ-கோலா வியாபாரத்தில் செல்வந்தரான ஷ்மெலிங் அவரைத் தேடிப்போய் நட்புக் கொண்டார். பண உதவியும் செய்தார். 1981 ஏப்ரலில் லூயிஸ் காலமானபோது, அடக்கச் செலவில் ஒரு பகுதியை ஏற்றவர்களில் ஷ்மெலிங்கும் ஒருவர்.