சிறிய மில்லிங் இயந்திரத்திற்குக் கருவி வாங்குமுன்

தொழிற்பயிற்சிக் கழகங்களில் இயந்திரத் தொழில் பயின்று, மலேசியத் திறன் சான்றிதழுடன் வெளிவரும் தோட்டத்து இளைஞர்கள், பிறரிடம் கூலி பெறுவதோடு நில்லாமல் சொந்தமாக ஒரு சிறு பட்டறை அமைக்க விரும்புவது இயல்பே. மகன் கேட்கும் இயந்திரத்தை வாங்கித் தரப் பெற்றோர் தம் சேமநிதிப் பணத்தை எடுப்பதும் உண்டு. கடன் பெறுவதும் உண்டு. பல்லாண்டுக் காலம் விடியுமுன் எழுந்து மரம் வெட்டிச் சேர்த்த பணம் அது. ஆகவே ஒவ்வொரு வெள்ளியும் எதற்குச் செல்கின்றது என்பதை மகனோடு பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் வேலைத்துண்டு சுழலும். வெட்டும் கருவி சுழலாது. மில்லிங் இயந்திரத்திலோ வெட்டும் கருவி சுழலும்; மேசைமேல் இறுகப் பிடிக்கப்பட்ட வேலைத்துண்டு அதன்முன் மெல்ல நகரும். தட்டையான முகம், பள்ளம், படிக்கட்டு போன்ற வடிவம் முதலியவற்றை இரும்பில் செதுக்கி எடுக்க இவ்வியந்திரமே உற்றது. மேசைமேல் வைக்கத்தக்க சிறிய வகைகள் இப்போது இணையச் சந்தைகளில் எளிதிற் கிடைக்கின்றன. ஆனால், இயந்திரத்தை மட்டும் வாங்கி வந்து மின்சாரம் கொடுத்தால் அதன் தண்டு சுழலும், அவ்வளவே. ஓர் ஆணி அளவு இரும்பைக்கூட வெட்ட இயலாது. கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்திலேயே செலவிட்டுவிட்டுக் கருவிக்கு வழியின்றி நிற்பதைவிட, இயந்திரத்தின் விலையில் பாதியேனும் கருவிகளுக்கென முன்கூட்டியே ஒதுக்கிவைத்தல் அறிவுடைமை.

ஒதுக்கிய பணத்தில் முதலில் எதை வாங்குவது? பளபளக்கும் வெட்டுக் கருவிகள் இருபது அடங்கிய பெட்டி, கண்ணைக் கவரும் விலையில் விற்கப்படுகின்றது. இளைஞர் பலரும் அதற்கே முதலிற் கை நீட்டுவர். நாம் கூறுவது இதற்கு மாறானது: பிடிக்கும் கருவி முதலில், வெட்டும் கருவி பின்னர்.

காரணத்தை விளக்குவோம். துளையிடும் இயந்திரத்தில் விசை கீழ்நோக்கியே செல்கின்றது. மில்லிங்கிலோ கருவி பக்கவாட்டில் வெட்டுவதால், ஒவ்வொரு பல்லும் இரும்பை மோதும்போது கருவியையும் வேலைத்துண்டையும் பக்கவாட்டில் தள்ளுகின்றது. பிடி சற்றே தளர்ந்தாலும் வேலைத்துண்டு பறக்கும். அல்லது கருவி முறியும். துளையிடும் இயந்திரத்தின் சக்கில் மில்லிங் கருவியைப் பொருத்தக்கூடாது என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதும் இதனாலேயே. சக்கின் மூன்று தாடைகள் கருவியைச் சிறிதளவே பற்றுகின்றன. அதிர்ச்சியில் கருவி மெல்லக் கீழிறங்கும். சக்கே தண்டிலிருந்து கழன்று விழுவதும் உண்டு.

கருவியைப் பிடிக்கக் கோலட் எனப்படும் பிளவுபட்ட உறையே தக்கது. ‘ஈ.ஆர்.’ வகைக் கோலட்டுகள், சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1970களில் அறிமுகப்படுத்தியவை. இன்று உலகெங்கும் பலர் செய்கின்றனர். சிறிய இயந்திரத்திற்கு ஈ.ஆர். 25 போதும், அதன் வரிசை 1 மி.மீ. முதல் 16 மி.மீ. வரையுள்ள தண்டுகளைப் பற்றும். வாங்குமுன் இயந்திரத்தின் தண்டுத் துளை எவ்வகையினது என்று அதன் கையேட்டில் பார்த்தல் வேண்டும். சிலவற்றில் மோர்ஸ் 2, சிலவற்றில் மோர்ஸ் 3, வேறு சிலவற்றில் ஆர் 8 என்னும் துளை இருக்கும். ஒன்றுக்குரியது மற்றொன்றில் பொருந்தாது. மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீள்திருகின் மரை மில்லிமீட்டர் அளவினதா, அங்குல அளவினதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்னொன்று: கோலட்டை முதலில் மூடித்திருகினுள் ‘டக்’கென அமர்த்திய பின்னரே பிடிப்பானில் ஏற்ற வேண்டும். இவ்வாறு செய்யாவிடில் கருவி கோணிச் சுழலும். கோலட்டும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

வேலைத்துண்டைப் பிடிப்பது வைஸ். துளையிடும் இயந்திரத்திற்கென விற்கப்படும் மலிவான வைஸை இறுக்கும்போது அதன் நகரும் தாடை மேலெழும். துண்டும் உடன் எழும். எனவே மில்லிங்கிற்கென்றே துல்லியமாகத் தேய்த்துச் செய்யப்பட்டதை வாங்குக. தாடையகலம் 75 மி.மீ. போதும், மிகப் பெரியது மேசையின் இடத்தை விழுங்கிவிடும். துண்டின் அடியில் வைக்க ஒரே உயரமுள்ள இரட்டைக் கட்டைகளும் வேண்டும். துண்டை இறுக்கியபின் மென்சுத்தியலால் தட்டுக. கட்டைகள் விரலால் அசையாவிடில் துண்டு நன்கு அமர்ந்துவிட்டது என்று அறியலாம்.

வைஸில் அடங்காதவற்றை மேசையோடு பிணைக்கப் படிக்கட்டைகள், திருகுகள், பற்றுத்தகடுகள் அடங்கிய தொகுதி உண்டு. இதனை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. மேசையிலுள்ள டீ வடிவப் பள்ளத்தின் அகலத்தை வெர்னியரால் அளந்து, அதற்குரிய தொகுதியையே கேட்டு வாங்குக. பற்றுத்தகட்டின் பின்முனை துண்டைவிடச் சற்று உயர்ந்தும், திருகு துண்டிற்கு அருகிலும் இருத்தல் வேண்டும். வலிமை காட்டி அளவுக்கு மீறி இறுக்கினால் வார்ப்பிரும்பு மேசையின் பள்ளமே உடைந்துவிடும்.

அடுத்து, 0.01 மி.மீ. காட்டும் டயல் அளவி. வைஸின் நிலைத்தாடை மேசையோடு நேராக உள்ளதா, இயந்திரத்தின் தலை செங்குத்தாக உள்ளதா என்பதை இதுவே சொல்லும். இஃதின்றிச் செய்யும் வேலை யாவும் கண்மதிப்பே.

இனி வெட்டும் கருவிகள். கார்பைடு வகை மிகக் கடினமானது. ஆயினும் எளிதில் நொறுங்குவது. சிறிய இயந்திரத்தின் அதிர்வையும் பழகாத கையின் தவற்றையும் பொறுத்துக்கொள்வது அதிவேக எஃகே. 6 மி.மீ., 10 மி.மீ. ஆகிய இரண்டளவுகளில், பள்ளம் வெட்ட இரு பல் உடையதும் பக்கம் வெட்ட நான்கு பல் உடையதும் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு வாங்கினால், ஒன்று முறிந்தாலும் ஞாயிற்றுக்கிழமையில் கடை தேடி அலைய நேராது.

அகன்ற முகத்தைச் சமன்படுத்த ஒற்றைப் பல் கொண்ட ‘ஃபிளை கட்டர்’ என்பதை நாம் சிறப்பாகப் பரிந்துரைக்கின்றோம். விலை குறைவு, மேலும் அதன் பல்லைச் சாணைக்கல்லில் நாமே தீட்டிக்கொள்ளலாம். முனை மழுங்கிய கத்தி மரத்தின் பட்டையை என்ன செய்யும் என்பதை அறிந்தவர்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தீட்டுதலைப் பற்றி நாம் அதிகம் கூற வேண்டியதில்லை.

சுழற்சி வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுதல் வேண்டும். மென்னெஃகிற்கு அதிவேக எஃகுக் கருவியின் வெட்டு வேகம் நிமிடத்திற்குச் சுமார் 25 மீட்டர். இதனை 1000ஆல் பெருக்கி, கருவியின் விட்டத்தை 3.14ஆல் பெருக்கிய தொகையால் வகுத்தால் 10 மி.மீ. கருவிக்கு ஏறத்தாழ 800 சுற்று வரும், 6 மி.மீ. கருவிக்கு 1,300. கருவியின் பற்கள் வெட்டும் திசைக்கு எதிராகவே துண்டை நகர்த்த வேண்டும். அதே திசையில் நகர்த்தினால், திருகிலுள்ள தளர்ச்சியால் கருவி துண்டைத் தன்பால் வெடுக்கென இழுத்துக்கொள்ளும்.

இக்கருவிகளைக் கொண்டு வருவாய் தரும் வேலை செய்ய இயலுமா? ஓர் எடுத்துக்காட்டு. ரப்பர்ப் பாலைத் தகடாக உருட்டும் உருளையின் பல்சக்கரம் தண்டில் வழுக்காமலிருக்க, இடையில் ஒரு சாவிக்கட்டை வைக்கப்படுகின்றது. தண்டு 25 மி.மீ. விட்டமாயின் சாவியின் அகலம் 8 மி.மீ.; தண்டில் பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ. (பழைய உருளைகள் அங்குல அளவிலும் இருக்கலாம், அளந்த பின்னரே வெட்டுக.) தண்டை மேசையில் பிணைத்து, டயல் அளவியால் நேராக்கி, விளிம்பறியும் கருவியை அதன் பக்கத்தில் தொடச் செய்க. தொடும் முனை 10 மி.மீ. விட்டமாயின், முனை துள்ளி விலகும் இடத்திலிருந்து 5 மி.மீ.யும் தண்டின் பாதியான 12.5 மி.மீ.யும் சேர்த்து 17.5 மி.மீ. நகர்த்தினால் தண்டின் நடுவை அடையலாம். பின்னர் 6 மி.மீ. இரு பல் கருவியால் நடுவிற் சிறிது சிறிதாக ஆழம் கொடுத்து வெட்டி, இருபுறமும் 1 மி.மீ. அகலப்படுத்துக. சாவி கையால் தள்ளினால் ஆடாமல், மென்சுத்தியலின் சிறு தட்டுக்கு இறங்குமாயின் வேலை செம்மை.

சுழல்மேசை, பகுப்புத் தலை, துளை பெருக்கும் தலை ஆகியன விலை மிக்கவை. அவற்றைக் கேட்கும் வேலை வந்து, அதற்கு முன்பணமும் கிடைக்கும் நாளில் வாங்கலாம். கண்ணாடி அணியாமல் வேலை செய்வதும், கையுறையோடு சுழலும் கருவியருகே கை கொண்டுபோவதும், இரும்புச் சுருளை விரலால் அகற்றுவதும் கூடா. அதற்குத் தூரிகை உண்டு. நிலத்தொடர்புக் கம்பி முறையாக உள்ளதா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்க.

நம் நாட்டு ஈரக்காற்றில் எஃகு விரைவில் துருவேறும். மாலையில் வைஸையும் மேசையையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, கருவிகள் ஒன்றோடொன்று உரசாதவாறு, துளையிட்ட மரக்கட்டையில் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு விலை கொடுத்துத் தட்டு வாங்க வேண்டியதில்லை. ரப்பர் மரக்கட்டை ஒன்றே போதும்.