தானுந்துப் பொறியின் காற்று உள்ளெடுப்பு அமைப்பு

காற்று உள்ளெடுப்பு அமைப்பு என்பது வெளிக்காற்றைத் தூய்மைப்படுத்தி, அளந்து, தானுந்துப் பொறியின் சிலிண்டர்களுக்குக் கொண்டுசேர்க்கும் பகுதிகளின் தொகுப்பாகும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இதன்படி ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று இவ்வமைப்பின் வழியே செல்கிறது.

செயற்படும் முறை

பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டரினுள் அழுத்தம் குறைவதால் காற்று உள்ளிழுக்கப்படுகிறது. அது முதலில் மடிப்புகள் கொண்ட தாள் வடிகட்டியைக் கடக்கிறது. பல வாகனங்களில் வடிகட்டியை அடுத்து, சூடான கம்பி கொண்ட காற்றோட்ட உணரி உள்ளது. கம்பி எந்த அளவு குளிர்கிறது என்பதைக் கொண்டு காற்றின் நிறை கணிக்கப்படுகிறது. அதற்கேற்ற பெட்ரோலைக் கட்டுப்பாட்டுக் கணினி செலுத்துகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது த்ராட்டில் வால்வு திறக்க, காற்று கிளைக்குழாய்கள் வழியாக ஒவ்வொரு சிலிண்டரையும் அடைகிறது.

தேய்மானமும் பழுதுகளும்

வடிகட்டியில் தூசு நிறைந்தால் காற்றோட்டம் தடைப்பட்டு இழுதிறன் குறையும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் பெட்ரோல் செலவும் கூடும். புதிய வண்டிகளில் காற்றின் அளவுக்கேற்பப் பெட்ரோலும் குறைக்கப்படுவதால் மைலேஜ் பெரிதாக மாறுவதில்லை.

கிழிந்த அல்லது சரியாகப் பொருத்தப்படாத வடிகட்டி இதைவிடத் தீங்கானது. தூசியிலுள்ள சிலிக்கா துகள்கள் மிகக் கடினமானவை. அவை பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் அராவுவதால் எஞ்சின் ஆயில் எரிந்து நீலப்புகை வரும். தாள் வடிகட்டியை அழுத்தக் காற்றால் ஊதித் தூய்மை செய்தால் தாள் சேதமடையக்கூடும்.

வெப்பத்தால் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் நாளடைவில் இறுகி வெடிக்கின்றன. உணரிக்குப் பின்னுள்ள வெடிப்பு வழியே அளக்கப்படாத காற்று நுழைவதால், வண்டி நிற்கும்போது எஞ்சின் வேகம் சீராக இராது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டரில் தெளிக்கும் பொறிகளில், உள்ளெடுப்பு வால்வுகளைப் பெட்ரோல் கழுவாததால் அவற்றின் மேல் கரி படிகிறது.

வெள்ளநீரும் பொறியும்

காற்று நுழையும் வாய் நீரில் மூழ்கினால் சிலிண்டருக்குள் நீர் புகும். காற்றைப் போல நீரை அழுத்திச் சுருக்க முடியாது. ஆகையால் பிஸ்டனின் இணைப்புத் தண்டு வளையலாம் அல்லது உடையலாம். வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயல்வதே பல வேளைகளில் பொறியை முற்றிலும் பாழாக்குகிறது. அதை இயக்காமல் இழுத்துச் சென்று, சிலிண்டரிலுள்ள நீரை வெளியேற்றிய பின்னரே இயக்க வேண்டும்.