கழிவு டெஃப்லானுக்கு ரப்பரில் ஒரு மறுவாழ்வு

டெஃப்லான் என்றால் பலருக்கும் ஒட்டாத தோசைக்கல்தான் நினைவுக்கு வரும். ஆனால் பம்புகளின் சீல், வால்வு வாஷர், ரசாயன ஆலைகளின் கேஸ்கெட் என்று அது உழைக்கும் இடங்கள் ஏராளம். 1938-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த பொருள் இது. 260 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் தொடர்ந்து வேலை செய்யும். கடும் அமிலங்களும் அதை அரிப்பதில்லை. கழிவான பிறகு இந்த உறுதியே சிக்கலாகிவிடுகிறது.

மற்ற பிளாஸ்டிக்குகளைப் போல இதை உருக்கி வார்க்க முடியாது. சுமார் 327 டிகிரியில் இளகும், ஆனால் வழிந்தோடாது. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அவ்வளவு நீளமானவை. எனவே பொடியை அச்சில் அழுத்தி, உலையில் சுட்டு, கிடைக்கும் கட்டியை லேத்தில் கடைந்து உதிரிபாகம் செய்கிறார்கள். கடையும்போது சுருள்சுருளாகக் கழிவு விழுகிறது. புதைத்தால் மக்காது. எரித்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு போன்ற நச்சு வாயுக்கள் வரும். ஆகவே திறந்தவெளியில் இதைக் கொளுத்தவே கூடாது.

வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் அசையாத டெஃப்லான், கதிர்வீச்சுக்கு எளிதில் பணிந்துவிடும். சுத்தம் செய்த கழிவின்மீது எலக்ட்ரான் கற்றையையோ காமா கதிரையோ பாய்ச்சினால் நீண்ட சங்கிலிகள் துண்டாகின்றன. பொருள் நொறுங்கும் தன்மை பெறுகிறது. சில மைக்ரான் அளவுக்கு அரைத்துப் பொடியாக்கலாம். அச்சு மை, மசகு, பிளாஸ்டிக் ஆகியவற்றில் உராய்வைக் குறைக்க இந்த நுண்பொடி ஏற்கெனவே பயன்படுகிறது.

இதே பொடியை ரப்பரில் சேர்ப்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. எதிலும் ஒட்டாத பொடி ரப்பரிலும் ஒட்டாது. வெறுமனே கலந்தால் துகள்கள் ஒன்றாய்த் திரளும். இழுக்கும்போது அவை ரப்பரைவிட்டுப் பிரிய, அந்த இடத்திலேயே ரப்பர் கிழியத் தொடங்கும்.

இதற்கும் கதிர்வீச்சே வழி தருகிறது. காற்றுள்ள இடத்தில் கதிர் பாயும்போது, அறுந்த சங்கிலிகளில் ஆக்சிஜன் சேர்ந்து, வினைபுரியத் துடிக்கும் தனி உறுப்புகள் பொடியில் தங்கிவிடுகின்றன. கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகளும் உருவாகின்றன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள லைப்னிட்ஸ் பாலிமர் ஆய்வு நிறுவனத்தார், கதிர் பட்ட பொடியை ஈபிடிஎம், குளோரோபிரீன் ரப்பர்களுடன் கலந்து ஆராய்ந்தனர். அந்தத் தனி உறுப்புகள் ரப்பர் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளோடு வேதிமுறையில் பிணைகின்றன. இப்படிப் பிணைந்த ரப்பரில் உராய்வும் தேய்மானமும் குறைகின்றன. சுழலும் தண்டோடு ஓயாமல் உரசும் சீல்களுக்கு இது பெரிய நன்மை.

ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு. காற்றில் கதிர் பாய்ச்சும்போது பிஎஃப்ஓஏ என்ற, இயற்கையில் சிதையாத நச்சுப்பொருள் சிறிதளவு உண்டாகலாம். 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பொருள் அது. ஆகவே பொடியைச் சோதித்து, தேவையானால் சூடேற்றி அதை நீக்கி, வெளியேறும் வாயுவையும் பிடித்தாக வேண்டும். இந்தச் செலவை ஏற்காதவர் இத்தொழிலில் இறங்கக் கூடாது.

பட்டறைக்காரர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தூய டெஃப்லான் சுருளை, கண்ணாடி இழையோ கார்பனோ வெண்கலமோ கலந்த வகைகளோடு சேர்க்காமல், எண்ணெயும் உலோகத் துகளும் படாமல் தனிப் பையில் சேர்த்தால் போதும். கலந்துவிட்ட கழிவைப் பிரிப்பது கடினம். தரம் தெரிந்த கழிவுக்கே மறுசுழற்சியாளரிடம் மதிப்பு.